முதுமலை தீ அன்று டிக்கெட் கவுண்டரில் எழுதிய பெயர்ப் பட்டியல் – நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

கூடலூர் மழை:
முதுமலைக் காப்பகத்துக்குள் வேன் சவாரிக்கு டிக்கெட் கொடுக்கும் தெப்பக்காடு வரவேற்பு மையத்தை இங்கே தெரியாதவர் இருக்க மாட்டார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம், காடு முழுக்கக் காய்ந்த தேக்கிலை. மாலை வேன் சவாரிக்கு ஏறி உட்கார்ந்துவிட்டோம். வண்டி கிளம்பப் போகும் நேரத்தில் வனவர் ஒருவர் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்தபடியே வந்து, "எல்லாரும் இறங்கிக்கோங்க, தீ பிடிச்சிருக்கு, வண்டி வேணும்" என்றார். நாங்கள் இறங்கிய கையோடு தீத்தடுப்புக் காவலர்கள் ஏறினார்கள். யானை முகாமிலிருந்து ஒரு காவடி (யானைப் பாகனின் உதவியாளர்) ஓடி வந்து தண்ணீர்க் கேன்களை ஜன்னல் வழியாகவே உள்ளே தள்ளினார்.

அது வரைக்கும் சரி. எனக்கு மறக்காதது கவுண்டர்தான். எங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதியிலேயே எழுந்து வேன் வாசலுக்குப் போய், ஏறுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினார். யாரும் அவரிடம் எழுதச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அன்று வன விடுதியில்தான் தங்கினோம். இருட்டி வெகுநேரம் கழித்து வேன் திரும்பியது. அவர் அதே நோட்டோடு நின்று, இறங்குகிறவர்களின் பெயருக்கு நேராக டிக் அடித்தார். ஒரே ஒரு பெயருக்கு டிக் விழவில்லை. அவர் முகத்தை அப்போது பார்த்தேன், இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது: அந்த ஆள் பக்கத்து வனச் சரகத்து ஜீப்பில் வேறு வழியாக இறங்கிவிட்டாராம். அதையும் எழுதி, நேரம் போட்ட பிறகுதான் கவுண்டரைப் பூட்டினார்.

டிக்கெட் கொடுப்பது சுற்றுலாப் பிரிவு, தீ அணைப்பது பாதுகாப்புப் பிரிவு என்று தனித்தனியாகத்தான் நினைத்திருந்தேன். இந்த மாதிரி நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சீகூர்ப் பள்ளம்:
நல்ல பதிவு. ஆனால் வேன், கவுண்டர் என்றே சொல்லிவிட்டு உள்ளே போனவர்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். முதுமலை 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. உள்வட்டம் மட்டும் 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டத்தையும் சேர்த்தால் 688. இதைக் காலால் நடந்து பார்ப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள், நிறையப் பேர் தற்காலிக ஊழியர்கள். தானியங்கிக் கேமராவை எந்த மரத்தில் எந்த உயரத்தில் கட்டினால் புலி சிக்கும் என்று காட்டுவது அவர்கள், அறிக்கையில் பெயர் வருவது வேறொருவருக்கு. உங்கள் கதையில் முதலில் வர வேண்டியது அந்த ஒரு டிக் விழாத ஆள். அவர் யார், எந்த ஊர் என்று கேட்டீர்களா?

மின்கம்பம்:
நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்காரா, மாயார் மின்நிலையங்கள் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. அதனால் நாங்களும் அந்தக் காட்டுக்கு ஒரு துறைதான், யாரும் எங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றாலும்.

எல்.சி. (லைன் கிளியர், அதாவது கரண்ட்டை நிறுத்தி லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கிக் கம்பத்தில் ஏறியிருந்தேன். கீழே காவலுக்கு ஒரு வாட்சர் தம்பி. வனத்துறை ஆள் கூட வராமல் நாங்கள் காட்டு லைனில் கை வைப்பதில்லை. திடீரென்று அந்தப் பையன் மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தான். "அண்ணா, அப்படியே இருங்க. இறங்காதீங்க." உண்ணிச்செடிப் புதரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் புதருக்குள்ளிருந்து ஒரு காது அசைந்தது. தாய் யானை, குட்டி, பின்னால் இன்னும் நாலைந்து. பையன் கம்பத்துக்குப் பின்னால் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டான்.

எனக்கு இருந்த பயம் வேறு. குறித்த நேரத்துக்குள் நான் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் துணைமின்நிலையத்தில் என்ன ஆச்சு என்று தேடுவார்கள், அங்கே போன் சிக்னலும் கிடையாது. அந்தப் பையன் வயர்லெஸ்ஸில் குசுகுசுவென்று சரக அலுவலகத்துக்குச் சொன்னான். அங்கிருந்து தரைவழிப் போனில் துணைமின்நிலையத்துக்குப் போனது. "ஆள் மேலே இருக்கார், யானை கீழே இருக்கு, லைனில் கரண்ட் விட வேண்டாம்." அந்த வார்த்தை மூன்று வாய் மாறிப் போய்ச் சேர்ந்தது, ஒரு சொல்கூடப் பிசகவில்லை. யானைகள் போகும் வரை பக்கத்து ஊருக்குக் கரண்ட் இல்லை. ஊரில் யாரும் முணுமுணுக்கவில்லை. தாழ்ந்த கம்பியில் யானை அடிபட்டுச் செத்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஊருக்குத் தெரியும்.

மசினகுடி மாடு:
சீகூர்ப் பள்ளம் சொன்னது சரி, ஆனால் அதிகாரிகளை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். 2021இல், ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியைத் தேடிய நாட்களில் நான் ஊரில்தான் இருந்தேன். மாட்டை வெளியே விட முடியாது, பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது. டிரோன், நாய்கள், கும்கி யானைகள், கேரளாவிலிருந்து வந்த வனத்துறையினர், கால்நடை மருத்துவர்கள் என்று ஒரே கூட்டம். கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது, அதனால் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தாக வேண்டும்.

ஒரு நாள் காலை ரோட்டோரம் ஜீப் நின்றது. பானட் முழுக்கச் செம்மண் புழுதி. ஒரு குறும்பர் பையன் அந்தப் புழுதியில் விரலால் ஓடையை வரைந்தான், அதன் வளைவில் ஒரு புதரை வரைந்தான், காற்று வரும் பக்கத்துக்கு ஒரு கோடு இழுத்தான். மருத்துவர், ரேஞ்சர், கேரளாக்காரர் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மருத்துவர் அந்தக் கோட்டைத் தொட்டு, "அப்போ நான் இந்தப் பக்கம் நின்னா மோப்பம் போயிடுமா?" என்று கேட்டார். பையன் தலையசைத்தான். உடனே திட்டம் மாறியது. அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு மைசூருக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் யார் பெரியவர் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்த மருத்துவரும் முக்கியம்தானே?

பெயர் வேண்டாம்:
எல்லா இடமும் இப்படி இருப்பதில்லை. எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை, தமிழ்நாட்டில் இல்லை. பயிற்சிக்காகக் கால்நடை மருத்துவருடன் இருந்தேன். ஒரு புலி செத்துக் கிடந்தது. புலி என்றால் சும்மா அறுத்துப் பார்த்துவிட முடியாது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நடைமுறைப்படி வெளியாட்கள் உள்ள குழு முன்னிலையில் பரிசோதனை நடக்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும், கடைசியில் ஒரு நகம் மீசை மிச்சமில்லாமல் எரிக்க வேண்டும். குழு மறுநாள் காலைதான் வரும். இரண்டு காவலர்கள் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் எங்களுக்கு வண்டி இல்லை. இருந்த வண்டிகள் வேறு பிரிவில், முக்கிய விருந்தினர் ஒருவருக்காக. போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, உடல் உப்பியிருந்தது. காவலர்களில் ஒருவர் சட்டையைக் கழற்றி நனைத்து அதன் முகத்தின் மேல் போட்டிருந்தார், ஈ மொய்க்கக் கூடாதென்று. திசு மாதிரி எடுத்தும் பயன்படாமல் போய்விட்டது. சாவுக்கு என்ன காரணம் என்று இன்று வரை தெரியாது. ஒரு வண்டிக்காக.

நீலகிரிப் பயணி:
சுற்றுலா போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். புகை தெரிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொண்டு அடுத்த சோதனைச் சாவடியில் சொல்லுங்கள், கூடலூர்–மைசூர் ரோட்டில் என்றால் தொரப்பள்ளியோ கக்கநல்லாவோ எது முன்னால் வருகிறதோ அங்கே. "காட்டுக்குள்ள புகை" என்று மட்டும் சொன்னால் எந்தச் சரகத்துக்குச் சொல்வதென்று அவர்கள் திணறுவார்கள், கல் எண் சொன்னால் உடனே பிடித்துவிடுவார்கள். பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை தனியார் வண்டி போகாது, கேட்டில் நின்று சண்டை போட வேண்டாம். அங்கே நிற்பவர் ஆம்புலன்ஸுக்கும் வழி விட வேண்டும், வேட்டைக்காரனையும் கவனிக்க வேண்டும். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள், மான் பக்கத்தில் இறங்காதீர்கள். ஹாரன் வேண்டவே வேண்டாம். வண்டியில் அடிபட்ட விலங்கைப் பார்த்தால் தொடாதீர்கள், தண்ணீர் கூடக் கொடுக்காதீர்கள், பின்னால் வரும் வண்டியை மெதுவாகப் போகச் சொல்லுங்கள், போதும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்த ரோட்டில் பீடி, சிகரெட் துண்டை வீசுகிறவர்களைக் கண்டால் வண்டி எண்ணைக் குறித்துக் கொடுங்கள். என் அனுபவம் என்று பெரிதாக இல்லை, ஒரு முறை கல் எண் சொன்னேன், நான் டீ குடித்து முடிப்பதற்குள் ஜீப் என்னைக் கடந்து போனது.

சீகூர்ப் பள்ளம்:
பெயர் வேண்டாம், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மசினகுடிக்காரருக்கு: மருத்துவர் கேட்டது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறானா என்று மட்டும் தெரிந்தால் சொல்லுங்கள்.

மின்கம்பம்:
பயணி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். ரோட்டில் கம்பி அறுந்து கிடந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், தூரத்திலேயே நிறுத்துங்கள். சாவடிக்காரரிடம் கல் எண்ணோடு கம்ப எண்ணும் சொல்லுங்கள், கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அவர் வனத்துறை ஆள்தான், ஆனாலும் எங்கள் ஆபீஸ் நம்பர் அவரிடம் இருக்கும்.