கேரட், பீன்ஸ் எதுவுமே முளைக்கவில்லை: விதை கெட்டதா, விதைத்த விதம் தவறா?

புதுப்பாத்தி · ஏப்ரல் 22

வணக்கம். தெற்கு இங்கிலாந்தில் அரை அலாட்மென்ட் (காய்கறி வளர்க்க வாடகைக்குத் தரும் துண்டு நிலம்), 5 ராட், அதாவது ஏறத்தாழ 125 சதுர மீட்டர். இதுதான் முதல் வருடம். களிமண். மார்ச் தொடக்கத்தில் கிளறி, குதிரை எரு கலந்து, ரேக்கால் சமப்படுத்தியாயிற்று.

மார்ச் 26 அன்று நேரடியாக மண்ணில் விதைத்தவை: கேரட், பீட்ரூட், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிற வேர்க்காய்), பீன்ஸ், கொத்தமல்லி, வெண்டை, முள்ளங்கி. எல்லாமே விரலில் இரண்டு கணு ஆழம், சுமார் 5 செ.மீ. விதைத்த பிறகு தினமும் பூவாளியால் தண்ணீர். 27 நாள் ஆகியும் முள்ளங்கி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கிறது. மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

பாக்கெட்டுகள் இந்த வருடம் வாங்கியவை. பார்ஸ்னிப் மட்டும் பக்கத்துப் பாத்திக்காரர் தந்த, ஏற்கெனவே பிரித்த பாக்கெட். மீதி விதைகள் ஷெட்டில் இருக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மறுபடி விதைக்கலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மண்வாசி · ஏப்ரல் 22

பொறுங்க, இப்போதைக்கு ஒரு பாக்கெட்டும் வாங்காதீங்க. நீங்க சொல்வதைப் பார்த்தால் விதையைவிட மண்ணின் குளிரும் ஆழமும்தான் காரணமாகத் தெரியுது.

மார்ச் கடைசியில் களிமண்ணின் வெப்பம் பெரும்பாலும் 7, 8 டிகிரிதான். கேரட் 15 டிகிரியில் பத்து நாளில் முளைக்கும். 10 டிகிரியில் 17 நாள். 5 டிகிரியில் ஐம்பது நாள்கூட எடுக்கும். பீட்ரூட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. பார்ஸ்னிப் 10 டிகிரியில் நாலு வாரம் இழுக்கும், அது அதன் சுபாவம். முள்ளங்கி குளிரிலும் முளைக்கும் என்பதால்தான் அது மட்டும் வந்திருக்கு.

பீன்ஸ் வேறு ரகம். 12 டிகிரிக்குக் கீழே அது மெதுவாக முளைப்பதில்லை, ஊறி அழுகிப்போகும். வெண்டைக்கு 20 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த இரண்டு வரிசையையும் நஷ்டக் கணக்கில் எழுதிடுங்க.

ஒரு மண் தெர்மாமீட்டர் வாங்குங்க. காலை 9 மணிக்கு 5 செ.மீ. ஆழத்தில் குத்தி, நாலைந்து நாள் குறிச்சு வையுங்க. பாக்கெட்டில் 'மார்ச் முதல் ஜூலை' என்று போட்டிருப்பது நாடு முழுவதுக்கும் பொதுவான அச்சு. உங்க களிமண்ணுக்கு அந்த 'மார்ச்' செல்லாது.

சால்விதை · ஏப்ரல் 22

ஆழத்தைப் பற்றி நான் சொல்கிறேன். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கேரட், பார்ஸ்னிப் 1 செ.மீ., கொத்தமல்லி 1 முதல் 1.5, பீட்ரூட் 2.5, பீன்ஸ், பட்டாணி 5. கேரட் விதையில் இருக்கும் சேமிப்பு மிகக் குறைவு. 5 செ.மீ. களிமண்ணைத் துளைத்து வெளிச்சத்தை எட்டுவதற்குள் அது தீர்ந்துவிடும். முளைத்தே செத்திருக்கலாம், மேலே நின்று பார்க்கிறவருக்கு முளைக்காதது போலத்தான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். விதைத்தபின் மேலே ஊற்றினால் களிமண்ணின் நுண்துகள் கரைந்து, காய்ந்ததும் ஓடு கட்டிவிடும். நீங்கள் சொல்லும் வெடிப்பு அதுதான். தண்ணீர் முதலில், விதை பிறகு. கயிறு கட்டி, களைக்கொத்தியின் முனையால் 1 செ.மீ. சால் இழுங்கள். பூவாளியின் மூக்கு வழியாகச் சாலுக்குள் மட்டும் தண்ணீரை ஊற்றி, உறிஞ்சும்வரை நில்லுங்கள். விதையைச் சிட்டிகையாக எடுத்து, விரற்கடைக்கு ஒன்று விழுமாறு தூவுங்கள். மூடுவதற்கு உங்கள் களிமண் வேண்டாம். சலித்த பழைய கம்போஸ்ட் அல்லது விதைக் கம்போஸ்ட் போட்டு மூடுங்கள், அது ஓடு கட்டாது. கைப்புறத்தால் லேசாக அழுத்திவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள்.

பார்ஸ்னிப் வரிசையில் 15 செ.மீ.க்கு ஒன்றாக முள்ளங்கி விதையும் போடுங்கள். அது முதலில் வந்து வரிசையைக் காட்டிவிடும், இடையில் பயமில்லாமல் களை கொத்தலாம்.

புதுப்பாத்தி · ஏப்ரல் 25

மூன்று நாள் அளந்ததில் 9, 9, 10 டிகிரி. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முழ நீளத்துக்குத் தோண்டிப் பார்த்தது இது: பீன்ஸ் பழுப்பாகிக் குழைந்திருக்கிறது, சிலவற்றைக் குடைந்து உள்ளே சிறு வெள்ளைப் புழுக்கள். பீட்ரூட் முளைவிட்டு ஓட்டுக்கு அடியில் வளைந்து நிற்கிறது. கேரட் இருந்த தடமே இல்லை. பார்ஸ்னிப் பாக்கெட்டில் விதைக்க வேண்டிய கடைசித் தேதி முடிந்து மூன்று வருடம்.

மண்வாசி · ஏப்ரல் 25

முதல் வேலை பீட்ரூட், இன்றைக்கே. சன்னமான பூவாளியால் அந்த வரிசையை மட்டும் மெல்ல நனைச்சு, ஓடு இளகினதும் விரலால் கிள்ளி உடைச்சுவிடுங்க. களைக்கொத்தியை அங்கே கொண்டுபோகாதீங்க, முளை முறிஞ்சிடும். அப்புறம் ஒரு வாரம் ஃப்ளீஸ் என்ற மெல்லிய தோட்டத் துணி போர்த்தி, ஈரம் போகாமல் பார்த்துக்குங்க. ஒவ்வொரு பீட்ரூட் விதையும் உண்மையில் ஒரு விதைக் கொத்து, இரண்டு மூன்று முளை சேர்ந்து வரும். இரண்டு இலை விட்டதும் நெருக்கமானவற்றைப் பிடுங்கிக் கலைத்து, 10 செ.மீ.க்கு ஒன்றாக நிறுத்துங்க.

பீன்ஸைக் குடைவது பீன்ஸ் விதை ஈயின் புழு. புதிதாகக் கிளறின, எரு போட்ட, குளிர்ந்த ஈரமண்ணின் வாடைதான் அந்த ஈயை முட்டையிட இழுக்கும். குளிரில் விதை முளைக்காமல் கிடக்கக் கிடக்க அதற்கு வசதி. மண் 12 டிகிரி தாண்டினபின் விதைச்சா முளை வேகத்தில் தப்பிச்சிடும். அதைவிட நிச்சயமான வழி: மே முதல் வாரம் 9 செ.மீ. தொட்டியில் ஒவ்வொரு விதையாக வீட்டு ஜன்னலோரம் போட்டு, மே கடைசியில் நடுவது. நடும் முன் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே வெச்சுப் பழக்குங்க. ஒரே ஒரு உறைபனி இரவு போதும், பீன்ஸ் கருகிடும்.

மீதி விதைகளைச் சோதிச்சுட்டு அப்புறம் வாங்கலாம். சமையலறைக் காகிதத்தை நனைச்சுப் பிழிஞ்சு, 20 விதை பரப்பி மடிச்சு, பிளாஸ்டிக் பையில் போட்டு 20 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்க. பையில் பெயரும் தேதியும் எழுதுங்க. பீன்ஸ் 8 நாள், கேரட் 10 நாள், பார்ஸ்னிப் 16 நாள். பாதிக்குக் கீழே வந்தால் தூக்கிப் போட்டுடலாம்.

யாழ்வெண்டி · ஏப்ரல் 26

தம்பி, வெண்டி, மிளகாய், கத்தரி மூன்றையும் இங்கத்தைய திறந்த மண்ணில் நேரே விதைக்கக் கூடாது. கண்ணாடி வீடோ பாலிடனலோ (பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம்) இல்லையென்றால் வெண்டியை விட்டுவிடுங்கோ. மிளகாய் பெப்ரவரியில் வீட்டுக்குள்ளே விதைச்சிருக்க வேணும். இந்த வருசம் மே மாசம் கன்றாக வாங்குங்கோ. போஞ்சி (பீன்ஸ்), பூசணி, மக்காச்சோளம் இங்கே வடிவாக வரும்.

ஊரிலிருந்து வரும் ஆட்களிடம் விதை கொண்டுவரச் சொல்லுவது எங்கள் ஆட்களிடம் வழமை. மிளகாய், தக்காளி விதையைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பறிப்பார்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் வைரஸ் விதையோடேயே பயணம் செய்யும். பக்கத்துப் பாத்திகள் எல்லாத்துக்கும் பரவினால் ஆராலும் திருத்த ஏலாது.

களைக்கொத்து · ஏப்ரல் 26

எரு போட்ட இடத்தில் கேரட், பார்ஸ்னிப் வேண்டாம், வேர் கிளை கிளையாகப் பிரியும். அந்தப் பகுதியைப் பூசணிக்கும் பீன்ஸுக்கும் விடுங்கள்.

குதிரை எருவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிரைக்குப் போட்ட வைக்கோலிலும் புல்லிலும் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி தெளித்திருந்தால், அது எருவிலும் அழியாமல் இருக்கும். பீன்ஸ், தக்காளி, உருளை இலைகள் கிண்ணம்போல் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். மீதமிருக்கும் எருவைப் பாதிக்குப் பாதி கம்போஸ்டுடன் கலந்து மூன்று தொட்டியிலும், வெறும் கம்போஸ்டில் மூன்று தொட்டியிலும் பிராட் பீன்ஸ் போட்டு நாலு வாரம் பாருங்கள். எருத்தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைத் தோட்டத்தில் இனித் தொடவே வேண்டாம்.

சால்விதை · ஏப்ரல் 26

வாங்குவது பற்றிக் கேட்டீர்களே. பாக்கெட்டின் முகப்புப் படத்தைப் பார்க்க வேண்டாம், பின்பக்கம் திருப்புங்கள். விதைக்க வேண்டிய கடைசித் தேதி, விதை எண்ணிக்கை, எஃப்1 என்ற குறி: இந்த மூன்றும் முக்கியம். எஃப்1 கலப்பினம், விளைச்சல் சீராக வரும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. விதை சேமிக்க நினைத்தால் சாதாரண ரகம் வாங்குங்கள். மேல்பூச்சு போட்ட உருண்டை விதையைக் கையாள்வது சுலபம்தான், ஆனால் ஒருமுறை நனைந்து காய்ந்தால் போயிற்று. கோப்பைச் சின்னம் இருந்தால், ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி அந்த ரகத்தைத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்து விருது கொடுத்திருக்கிறது என்று பொருள். புதியவர்களுக்கு அது நம்பகமான வடிகட்டி. களிமண்ணுக்குக் கேரட்டில் குட்டை ரகமான ஷான்டனே வாங்குங்கள், நீள ரகம் உள்ளே இறங்காது.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 3 மீட்டர் வரிசையில் 5 செ.மீ. இடைவெளிக்கு 60 கேரட் நிற்கும். ஒரு பாக்கெட்டில் பல நூறு விதை. பாதிக்கு மேல் மிஞ்சும் என்று தெரிந்தே வாங்குங்கள், அப்படியானால் சேமிப்பும் முக்கியம். ஷெட் ஆகவே ஆகாது: பகலில் வெக்கை, இரவில் ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக் கிடங்குகளின் கணக்கு. மூடி இறுகிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், பிரிட்ஜின் கீழ்த்தட்டு. அப்படி வைத்தால் தக்காளி, பூசணி ஐந்து வருடம் தாங்கும், கேரட் மூன்று. பார்ஸ்னிப்பை மட்டும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

புதுப்பாத்தி · மே 12

ஈரக்காகிதச் சோதனை முடிந்தது. கேரட் 20-க்கு 17, பீன்ஸ் 20-க்கு 18, பார்ஸ்னிப் 20-க்குப் பூஜ்யம். பீட்ரூட் வரிசை வெளியே வந்துவிட்டது. மண் இப்போது 13 டிகிரி. கேரட்டை உடனே விதைக்கலாமா?

மண்வாசி · மே 12

விற்பனைக்கு வரும் கேரட் விதைக்குச் சட்டம் கேட்பதே 65 சதவீத முளைப்புதான், உங்களுடையது 85. பாக்கெட் மேல் குற்றமே இல்லை.

ஆனா இன்னும் மூணு வாரம் பொறுத்து, ஜூன் முதல் வாரம் விதையுங்க. கேரட் ஈயின் முதல் தலைமுறை மே, ஜூனில் முட்டையிடும், தாமதமா விதைச்சா அதிலிருந்து பெரும்பாலும் தப்பும். இரண்டாம் தலைமுறை ஜூலைக் கடைசியில் வரும், அதுக்கு விதைச்ச அன்றைக்கே 1.3 மி.மீ. கண்ணுள்ள வலையைப் போர்த்தி, நாலு ஓரமும் மண்ணில் புதைச்சுடுங்க. கலைச்ச நாற்றை வரிசைப் பக்கத்தில் போடாதீங்க, கசங்கின இலை வாசம்தான் ஈயைக் கூப்பிடும். சாயங்காலம் கலைத்து, உடனே தண்ணீர் விட்டு வலையை மூடுங்க.

இந்த மூணு வாரத்தில் பாத்தியைச் சமப்படுத்தி வெறுமனே விடுங்க. களை முளைச்சு வரும். விதைக்கும் அன்று வெயில் நேரத்தில் களைக்கொத்தியை 1 செ.மீ.க்கு மேல் இறக்காமல் சீவி எடுங்க. ஆழமாக் கொத்தினா அடுத்த களை விதையை மேலே கொண்டுவந்த கணக்கு. பார்ஸ்னிப்புக்குப் புது பாக்கெட் வாங்கி இந்த வாரமே போட்டுடுங்க, அது இதுக்கு மேல் தாமதம் தாங்காது.