ஜாக்கிக் கால் மண்ணில் புதைந்த அனுபவங்கள்

கம்பத்திலிருந்து:
2021இல் கேரள அரசு, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகளுக்கான கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு வாகமணில் அதற்கென்றே பூங்கா வந்துவிட்டது. நாங்களோ சிக்கனம் பார்த்து, குமுளிக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து ஓரத்தில் எங்கள் கேரவன் வண்டியை நிறுத்தினோம். வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்தும் கால்களான நான்கு ஜாக்கிகளையும் இறக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றதைப் பார்த்த பிறகே படுத்தோம். நள்ளிரவு மழையில் விழித்தபோது, மேசை மேலிருந்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஒரு பக்க விளிம்பைத் தொட்டு நின்றது. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு வழிந்தது. இறங்கிப் பார்த்தால், வலது பின்ஜாக்கி தரையில் ஊன்றும் தகட்டைக் காணவில்லை, ராடு மட்டும் சேற்றில் நட்ட முளைக்குச்சி போல நின்றது. பகலில் கெட்டியாகத் தெரிந்த அந்த இடம் சரிவில் மண் கொட்டி மட்டப்படுத்தியது என்பதைத் தோட்டத்துச் சேட்டன் காலையில்தான் சொன்னார். தகட்டுக்கு அடியில் வைக்க வேண்டிய பலகைகள் வண்டிக்குள்ளேயே இருந்தன என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

கோபாலபுரத்திலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்காரர்:
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசலில் எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. மேலே காய்ந்து வெடித்திருந்த மண், துளையிலிருந்து வந்த தண்ணீர் பட்டதும் களியாகிவிட்டது. நண்பர் பலகையை எடுத்திருந்தாலும் எந்தப் பலகை என்பதைப் பொறுத்தே காப்பாற்றியிருக்கும். பத்து அங்குல விட்டமுள்ள தகட்டின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர அங்குலம்; இரண்டடிக்கு இரண்டடிப் பலகைக்கு 576 சதுர அங்குலம். ஆகவே அதே பாரம் ஏழு மடங்குக்கும் அதிகமான மண்ணில் பரவ வேண்டும், ஆனால் பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து, ஓரங்கள் பாரத்தையே வாங்காமல் சும்மா கிடக்கும். தடித்த பலகைகளை இரண்டு அடுக்காக, மேல் அடுக்கின் நார் கீழ் அடுக்குக்குக் குறுக்காக அமையும்படி வைத்து, தகட்டை நட்டநடுவில் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கை மட்டும் முட்டுக் கொடுக்காதீர்கள்; மரம் உடையுமுன் முனகும், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

செங்கோட்டையிலிருந்து:
ரிக் லாரிக்காரர் சொல்வது சமதரைக்குச் சரி, மலைச்சரிவுக்குப் போதாது. ஆரியங்காவுக்கு அருகே வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, பள்ளத்திலிருந்த பின்பக்கத்தை நல்ல பலகைகள் மேல்தான் தூக்கினேன். எங்கள் வண்டியில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பது, அவை தரையை விட்டு எழும்பி, வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்து, பலகையில் தகடு கிறீச்சிட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. ஜாக்கிக் கால் வளைந்ததோடு போயிற்று. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த இடத்தையே விட்டுவிட்டு வேறு இடம் தேடியிருக்க வேண்டும்.

வாளையாற்றிலிருந்து:
தார்த்தரை பத்திரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி: சித்திரை வெயிலில் என் ஜாக்கிகள் ஓர் உணவகத்து வாசல் தாரில் நான்கு வட்டப் பள்ளங்களைப் பதித்தன, உரிமையாளர் ஒவ்வொன்றையும் விரல் நீட்டி எண்ணிக் காட்டினார்.

மீண்டும் கம்பத்திலிருந்து:
புதைந்த காலை எப்படி எடுத்தேன் என்று தனியே கேட்டிருக்கிறார்கள். மேலே இழுத்தபோது சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டித் தகட்டின் ஓரத்தில் காற்றுப் புக வழி செய்த பிறகே ‘பொளக்’கென்று வெளியே வந்தது. அவசரத்தில் ராடில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்காமல் உள்ளே இழுத்ததால், எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ஆயில் சீல் கீறப்பட்டு எண்ணெய் கசியத் தொடங்கியது. இப்போது துணி ஒன்று ஜாக்கியின் பக்கத்திலேயே தொங்குகிறது. சேற்றிலிருந்து இழுக்க வசதியாகப் பலகைகளின் மூலையில் துளையிட்டுக் கயிறும் கட்டியிருக்கிறேன்.