கேட்சர் இன் தி ரை: ஹோல்டன் எங்கே பிடிபடுவான், எங்கே நழுவுவான்

ஜே.டி. சாலிஞ்சரின் அமெரிக்க நாவல் இது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு நியூயார்க்கில் அலைந்த சில நாட்களை ஹோல்டன் என்ற பையன் தன் வாயால் சொல்கிறான். அதைப் பற்றி வாசகர்கள் சிலர் புனைபெயர்களில் பேசிக்கொண்டது கீழே.

மறுவாசிப்பு:
நாற்பது பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: "இந்தப் பையன் எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்றான்." நியாயமான புகார். ஆனாலும் ஐந்தாம் அத்தியாயம் வரைக்குமாவது போங்க. அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் ஊர் சுற்றப் போகும் அவசரத்தில், தன் ஆங்கில வகுப்புக்கு ஒரு வர்ணனைக் கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஒரு அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். ஹோல்டன் எழுதுவது செத்துப்போன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி. இடக்கைக்காரன் போடும் உறை. விரல், உள்ளங்கை என்று எங்கும் பச்சை மையில் கவிதை வரிகள். பந்து வராத நேரத்தில் மைதானத்தில் நின்றபடியே படிப்பதற்கு.

ஆலி ரத்தப் புற்றுநோயில் இறந்தது மேய்ன் மாநிலத்தில், 1946 ஜூலை 18. நாள், மாதம், வருடம் மூன்றையும் ஹோல்டனே சொல்கிறான். அன்று ராத்திரி 13 வயதுப் பையன் கராஜில் படுத்து, அங்கிருந்த கண்ணாடி ஜன்னல்களையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். இதைப் படித்த பிறகு முதல் நான்கு அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போனால் அதே நொட்டைப் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்று: அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போடலாம். 1946 ஜூலையில் 13, கதை நடக்கும் டிசம்பரில் 16. அப்படியென்றால் கதை 1948 அல்லது 1949 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன். போர் முடிந்து சில வருடம்தான் ஆகிறது. அண்ணன் டி.பி. போருக்குப் போய் வந்தவன். நாவல் வெளிவந்தது 1951 ஜூலையில். சாலிஞ்சரே 1944இல் நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய சிப்பாய்.

பென்சில் முனை:
இரண்டாம் வாசிப்புக்கு இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கோங்க. ஒன்று ஆலிக்கு, ஒன்று வாத்துகளுக்கு.

வாத்து வரும் அத்தியாயங்கள்: 2, 9, 12, 20. சென்ட்ரல் பார்க் தெற்குப் பக்கக் குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும்? இரண்டாம் அத்தியாயத்தில் வரலாற்று வாத்தியார் ஸ்பென்சர், இவன் ஃபெயிலானதைப் பற்றிக் கடிந்துகொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி அவன் மண்டைக்குள் ஓடுகிறது. ஒன்பதிலும் பன்னிரண்டிலும் டாக்சிக்காரர்களிடம் கேட்கிறான். ஹார்விட்ஸ் என்கிற இரண்டாவது ஓட்டுநர் வாத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றி ஆவேசமாகப் பேச ஆரம்பிப்பார். இருபதில் நடுராத்திரி குடிபோதையில் இவனே குளத்துக்குப் போய் இருட்டில் தேடுகிறான். ஒரு வாத்துகூட இல்லை.

ஆலி: 5, 14, 20, 22, 25. இதில் 25ஐத் தவறவிட்டுவிடாதீங்க. ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருமுனையிலும் இறங்கும்போது, எதிர்ப்பக்கம் போய்ச் சேரவே மாட்டோம், நடுவிலேயே மறைந்துவிடுவோம் என்று பயம். மறைய விடாதே என்று ஆலியைக் கெஞ்சுகிறான், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவனுக்கு நன்றி சொல்கிறான். இருபதில் இரண்டு கலரும் ஒரே பக்கங்களில் விழும்: குளத்தங்கரையில் உட்கார்ந்து தலைமுடி உறைய நிமோனியா வந்து சாவதைக் கற்பனை செய்கிறான், அங்கிருந்து ஆலியின் கல்லறையில் பெய்த மழைக்கு நினைவு போகிறது.

வாத்தை 'அப்பாவித்தனத்தின் குறியீடு' என்று எழுதிவைக்கும் நோட்ஸ்கள் உண்டு. எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் குளிர் வந்தால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்கிற பையன், பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு வீட்டுக்குப் போகப் பயந்து ஊருக்குள் அலைகிறவன் என்பது அந்த நோட்ஸில் இருக்காது.

சில்லறைக் கணக்கு:
நான் பணத்தைச் சொல்கிறேன், யாரும் தொடவில்லை. சனி ராத்திரி கிளம்பும்போது 90 டாலர் டைப்ரைட்டரை 20க்குத் தள்ளிவிடுகிறான். எட்மண்ட் ஹோட்டலில் லிஃப்ட்காரன் மாரிஸ் 5 டாலர் என்று சொல்லி சன்னி என்ற பெண்ணை அனுப்பிவிட்டு, பிறகு 10 என்று அடித்துப் பிடுங்குகிறான். ஞாயிறு காலை இரண்டு கன்னியாஸ்திரிகளுக்கு 10 டாலர் நன்கொடை, அதுவும் குறைவாகக் கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தல். தங்கை ஃபீபிக்கு இசைத்தட்டு 5 டாலர். அது பார்க்கில் விழுந்து சுக்குநூறாகிறது, துண்டுகளை உறையிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். குளக்கரையில் எண்ணும்போது மூன்று டாலரும் சில்லறையும். அந்தச் சில்லறையையும் தண்ணீர் உறையாத இடமாகப் பார்த்துத் தத்தவிட்டு எறிகிறான்.

அதற்குப் பிறகுதான் பத்து வயது ஃபீபி தன் கிறிஸ்துமஸ் காசு 8 டாலர் 65 சென்ட்டை அவன் கையில் திணிக்கிறாள். அங்கே அவன் அழுகிறான். வரவு செலவை ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தவர்களுக்கு அந்த அழுகை திடீரென்று வந்ததாகத் தெரியாது. உடைந்த தட்டின் துண்டுகளைக்கூட அவள் வாங்கிப் பத்திரப்படுத்துகிறாள்.

கொசுறு: பென் ஸ்டேஷனில் இறங்கியதும் டெலிபோன் பூத்துக்குள் போய் இருபது நிமிடம் நின்றுவிட்டு, யாருக்கும் பேசாமல் வெளியே வருகிறான். காசு இருந்த நேரம் அது.

சொல்வேட்டை:
தமிழில் சொல்லிப் பார்க்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது 'ஃபோனி' என்ற சொல்லில். 'போலி' என்று போட்டால் போலி டாக்டர், போலி நகை நினைவுக்கு வரும். 'பாசாங்கு' மேடைத்தமிழ். அவன் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் 'சீன் போடுகிறவர்கள்', மீதிப் பேர் தாங்கள் சீன் போடுவதே தெரியாதவர்கள். ஒரே சொல்லில் அடக்க ஆசைப்பட வேண்டாம், இடம் பார்த்து மாற்றுவதே மேல். ஆனால் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்க்கிறான் என்பது காணாமல் போகும். அது நஷ்டம்தான்.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. வாக்கிய முடிவில் அவன் ஒட்டிக்கொண்டே போகும் 'அண்ட் ஆல்' தமிழில் தானாக உட்காரும். 'மியூசியத்துக்கெல்லாம் போனோம்', 'சாகிறப்ப அவனுக்குப் பதினொரு வயசெல்லாம்தான்'. பேச வராத விஷயத்தை நெருங்கும்போது இந்த 'எல்லாம்' அதிகமாகும். வெட்டிச் சீராக்கினால் ஆள் மாறிவிடுவான்.

'கில்டு மீ' இன்னும் சிக்கல். 'உசிர வாங்கிட்டா' என்றால் எரிச்சல் என்று அர்த்தமாகிவிடும். 'சிரிச்சே செத்தேன்' சில இடங்களில் ஒத்துவரும். ஆலி, ஃபீபி பேச்சு வரும் இடங்களில் சாவு என்கிற சொல் கண்டிப்பாக நிற்க வேண்டும், 'ரசித்தேன்' என்று மழுப்பக் கூடாது.

தலைப்பு: ராபர்ட் பர்ன்ஸின் ஸ்காட்லாந்துப் பாட்டில் இருப்பது 'சந்தித்தால்'. ஹோல்டன் அதை 'பிடித்தால்' என்று தப்பாக நினைவு வைத்திருக்கிறான், ஃபீபி 22ஆம் அத்தியாயத்தில் திருத்துகிறாள். ரை வயலில் விளையாடும் பிள்ளைகள் பள்ளத்தில் விழாமல் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிற அவன் கனவு முழுக்க அந்தத் தப்பின் மேல் நிற்கிறது. ரை என்பது குளிர் நாட்டுத் தானியம், அதைக் கம்பு ஆக்கலாமா? தாவரக் கணக்கில் தப்பு. ஆனால் கம்பங்கொல்லைக்குள் ஓடும் பிள்ளைக்கு எதிரே பள்ளம் தெரியாது, அந்த உயரம் முக்கியம். ரஷ்ய மொழிபெயர்ப்பில் ரீட்டா ரைட்-கோவல்யோவா பிடிக்கிறவனையே விட்டுவிட்டு 'ரை வயலில், பாதாளத்தின் மேலே' என்கிற மாதிரித் தலைப்பு வைத்தார்.

கரும்பலகை:
பாடமாக எடுப்பவர்களுக்கு. 'ஹோல்டனை உனக்குப் பிடிக்குமா?' என்று ஆரம்பித்தால் வகுப்பு அரை மணி நேரத்தில் இரண்டு கட்சியாகி, புத்தகம் பெஞ்சு மேலேயே கிடக்கும். 'அவன் சொல்வதற்கும் செய்வதற்கும் பொருந்தாத இடம் ஒன்று காட்டு' என்று கேளுங்க. சினிமாவை வெறுக்கிறேன் என்பான், வயிற்றில் குண்டு பாய்ந்த சினிமாக் கதாநாயகனாகத் தன்னை நடித்துப் பார்ப்பான்.

இடறும் இடம் 24, ஆன்டோலினி வாத்தியார் வீடு. தூங்கிக்கொண்டிருந்த ஹோல்டனின் தலையைத் தடவினார், அவன் பதறி ஓடினான். அவர் தப்பானவரா என்பதற்கு நாவல் விடை தருவதில்லை. ஹோல்டனே மறுநாள் காலை சந்தேகப்படுகிறான். தீர்ப்பு எழுதச் சொல்லாதீங்க. அதே ஆள்தான், ஜன்னலிலிருந்து குதித்துச் செத்த ஜேம்ஸ் காசில் என்ற மாணவனைத் தன் கோட்டால் போர்த்தித் தூக்கிப் போனவர். காசில் அப்போது போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும், விவாதம் தானாக நகரும்.

கெட்ட வார்த்தைகளுக்கு முன்கூட்டியே வீட்டில் சொல்லிவைப்பது நல்லது. அமெரிக்காவிலேயே 1960இல் டல்சா நகரில் இதைப் பாடமாக வைத்த ஆசிரியர் வேலையை இழந்து, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டார்.

பென்சில் முனை:
படம் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: படமே கிடையாது. தன் சிறுகதை ஒன்று 1949இல் சினிமாவாகிப் பட்ட சூட்டுக்குப் பிறகு சாலிஞ்சர் உரிமையே தரவில்லை. 2010இல் அவர் இறந்த பிறகும் அப்படித்தான்.

மறுவாசிப்பு:
சிவப்புத் தொப்பியை யாரும் சொல்லவில்லையே. ஒரு டாலர் வேட்டைத் தொப்பி, வாள்வீச்சுப் போட்டிக்கான வாள்களை சப்வேயில் தொலைத்த அதே காலையில் வாங்கியது. ஆலிக்கும் ஃபீபிக்கும் செம்பட்டை முடி என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அவன் அதை எப்போது போடுகிறான், எப்போது கழற்றுகிறான் என்று பாருங்க. 25இல் குடைராட்டினத்தில் பிள்ளைகள் தங்க வளையத்தைப் பிடிக்க எட்டி எட்டிச் சாய்கிறார்கள். விழுந்தால் விழட்டும், ஒன்றும் சொல்லக் கூடாது என்கிறான், மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் எல்லாரையும் பிடித்து நிறுத்துவேன் என்றவன். மழை பிடிக்கிறது. ஃபீபி அவன் கோட்டுப் பையிலிருந்து தொப்பியை எடுத்து அவன் தலையில் மாட்டிவிட்டு மறு சுற்றுக்கு ஓடுகிறாள். தொப்பி ஓரளவுக்குத்தான் காக்கிறது. தொப்பலாக நனைந்தபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்.