மறு: ‘அல்கலினிற்றி’க்கு என்ன சொல்? ‘காபனேற்று வன்மை’ ஏன் இடிக்கிறது

எல்லோருக்கும் வணக்கம்.

தண்ணி எவ்வளவு அமிலத்தைச் சமாளிக்கும் என்ற அளவைத்தான் ஆங்கிலத்தில் ‘அல்கலினிற்றி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் கொட்டாஞ்சேனைச் சேர் ‘காபனேற்று (கார்பனேட்) வன்மை’யை முன்வைத்த நாளிலிருந்து இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் மூன்று தொட்டி வைத்து ஆபிரிக்க சிக்லிட் மீன் வளர்க்கிறவன் நான். இரசாயனம் உயர்தரத்தோடு சரி. ஆனாலும் இந்தச் சொல்லில் ஒரு கணக்கு பிசகுகிறது, சேர்.

உங்கள் வழி நேரானதுதான். கடையில் வாங்கும் பரிசோதனைப் பெட்டியில் இரண்டு சின்னப் போத்தல் இருக்கும். ஒன்று ஜி.எச், மற்றது கே.எச். இரண்டாவதில் உள்ள ‘கே’ ஜேர்மன் மொழியில் காபனேற்றுக்கு முதலெழுத்து. அதை அப்படியே தமிழாக்கினால் காபனேற்று வன்மை, ஜி.எச் மொத்த வன்மை. மொத்தத்தில் ஒரு பகுதி காபனேற்று வன்மை, கொதிக்கவைத்தால் போய்விடும், மீதி நிரந்தரம். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கு இந்தப் பாடம் பெரும்பாலும் சரிவரும். சுண்ணக்கல்லுக்குள் கிடந்து வரும் தண்ணி அது. கேத்தல் அடியில் வெள்ளையாய்ப் படியும், சவர்க்காரம் நுரைக்காது.

இப்போது இந்தச் சிக்லிட்டுகள் வரும் ஆபிரிக்க ஏரிகளில் ஒன்றான தங்கனீக்காவுக்குப் போவோம். அதன் மொத்த வன்மை ஏறத்தாழ 10, 11 ஜேர்மன் பாகை (பெட்டிகள் இரண்டையும் அளக்கும் அலகு). கே.எச்சோ 16க்கு மேல். அவற்றின் இன்னொரு ஏரியான மலாவியில் வன்மை 4 பாகை அளவு, கே.எச் 6, 7. பகுதி மொத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறது! தேங்காயைவிடத் தேங்காய்ப்பாதி பெரிது என்பது போல.

காரணம் பெரிய மர்மம் இல்லை. வன்மை என்பது கல்சியத்தையும் மகனீசியத்தையும் எண்ணுவது. தங்கனீக்காவில் இருகாபனேற்றின் கணிசமான பங்கு அவற்றோடு சேர்ந்ததல்ல, சோடியத்தோடும் பொட்டாசியத்தோடும் வருவது. போதாததற்கு அங்கே கல்சியத்தைவிட மகனீசியம் பல மடங்கு கூட. வடக்கே கிவு ஏரியைச் சூழ்ந்த எரிமலைப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு ருசிசி ஆறு உள்ளே வருகிறது. வெளியே போக லுக்குகா என்ற ஒரே ஆறுதான். மற்றத் தண்ணியெல்லாம் ஆவியாகிப் போக, உப்புகள் ஏரியிலேயே தங்கிச் செறிந்துவிடுகின்றன. பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடு) 9ஐத் தொட்டுக்கொண்டு நிற்பது இதனால்தான். ஆக கே.எச் அளப்பது வன்மையையே அல்ல. பெயரில் வன்மை என்று வைத்தால், சிக்லிட்டுக்குத் தண்ணி தயாரிக்கிற பொடியன் கல்சியத்தைத் தேடி அலைவான். முருகைக்கல் கொஞ்சம் போட்டால் சரி என்பான். (கரையில் முருகைக்கல் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பது வேறு கதை.) தேவைப்படுவது சமையலறையில் இருக்கும் அப்பச்சோடாவும் கொஞ்சம் எப்சம் உப்பும்.

இதே இழையில் சென்னை நண்பர் ‘காரத்தன்மை’ போதும் என்கிறார். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது, மன்னிக்கவும். ஆங்கிலத்தில் ‘அல்கலைன்’ என்றால் பி.எச் கூடியது, ‘அல்கலினிற்றி’ என்றால் அமிலத்தைச் சமாளிக்கும் அளவு. ஒரே வேரில் இரண்டு பொருள் மாட்டிக்கொண்டு அவர்களே தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை நாங்களும் கடன் வாங்க வேண்டுமா?

நான் வாங்கினேன், அதுதான் சொல்கிறேன். முதல் தொட்டி 200 லீற்றர், மலாவியின் மஞ்சள் எம்புனா (ஒருவகைச் சிக்லிட்) எட்டு. கொழும்புக் குழாய்த்தண்ணி, அதாவது களனியிலும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் இருந்து வருவது, மழைநாட்டுத் தண்ணி. உப்பே இல்லாத மென்னீர். சில மாதத்தில் பி.எச் 6.5க்கு இறங்கிவிட்டது. பற்றீரியா அமோனியாவை நைத்திரேற்று ஆக்கும்போது அமிலம் உண்டாகும், அதைத் தாங்க என் தண்ணியில் எதுவுமில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். “அல்கலைன் காணாது” என்று ஒரு போத்தலைத் தந்தார். ஊற்றினேன், 8.5 காட்டியது. விடிய எழும்பிப் பார்த்தால் நான்கு மீன் மேலே மிதக்குது, பி.எச் திரும்ப 7க்குக் கீழே.

நடந்தது பிறகுதான் விளங்கியது. பி.எச் 6.5இல் தொட்டியில் சேர்ந்திருந்த மீன்கழிவுச் சரக்கில் நச்சான அமோனியா 500இல் ஒரு பங்குகூட இல்லை. மீதி அமோனியம், பெரிதாகத் தீங்கில்லை. 8.5இல் அதே சரக்கில் ஏறத்தாழ 15 சதவீதம் நஞ்சாகிவிடும். கடைக்காரரில் பிழை சொல்ல மாட்டேன். காணாதது கே.எச், அவர் ஏற்றித் தந்தது பி.எச். இரண்டுக்கும் அவர் வாயில் ஒரே சொல்தான் இருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். சோதனையைச் செய்து பார்த்தாலே சொல் கிடைக்கிறது. 5 மில்லிலீற்றர் தண்ணியில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். அந்தத் தண்ணியின் நிறம் நீலத்திலிருந்து மஞ்சளாகும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணுகிறோம். சொட்டுக்கு ஒரு பாகை, லீற்றருக்கு 17.9 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன். நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நியமிப்பேதான். எவ்வளவு அமிலத்தை அந்தத் தண்ணி தாங்கியது? அதுதான் கேள்வி. அதனால் ‘அமிலந்தாங்குதிறன்’.

தாங்கற் கரைசல் (பி.எச்சைச் சட்டென்று மாறவிடாத கரைசல்) என்ற சொல் இங்கும் தமிழ்நாட்டிலும் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரையும் பழக்க வேண்டியதில்லை. ‘தாங்கற்கொள்ளளவு’ வேண்டாம், அது அமிலம், காரம் என்று இருபக்கமும் தாங்குவதைச் சொல்லும் இன்னொரு அளவு. மின்கடத்தாறு (மின்னைக் கடத்தும் அளவு) போலத் ‘தாங்காறு’ என்று நானே ஒருநாள் எழுதிப் பார்த்தேன், மனைவி வாசித்துவிட்டு “என்ன தாங்காது?” என்றா. மட்டக்களப்புத் தங்கச்சி எழுதிய ‘அமிலநோன்மை’ உண்மையில் அழகு. நோன்பு பிறந்த அதே வேர், பொறுத்தல் என்ற பொருளும் பொருந்துகிறது. ஆனால் மீன்கடையில் போய் நோன்மை எவ்வளவு என்று கேட்டால் நோன்பு எப்போது என்று திருப்பிக் கேட்பார்கள்.

என் சொல்லிலும் ஓட்டை உண்டு. பொறியியலாளர்கள் மண்ணுக்கும் தூணுக்கும் ‘தாங்குதிறன்’ சொல்வார்கள். முன்னால் அமிலம் நிற்கும்வரை குழப்பம் வராது. தொட்டிக்காரர் பேச்சில் சுருக்கித் தாங்குதிறன் என்றாலும் யாரும் தூணை நினைக்கப் போவதில்லை. ஜி.எச்சுக்கு வன்மையே இருக்கட்டும். தமிழ்நாட்டவர் கடினத்தன்மை என்றாலும் எனக்குச் சண்டையில்லை. பி.எச் பி.எச்சாகவே கிடக்கட்டும்.

சேர், அடுத்த நியமிப்பு வகுப்பில் பிள்ளைகளிடம் இதை ஒருதரம் சொல்லிப் பாருங்கள். வாயில் தடக்கினால் எழுதுங்கள், மாற்றுவோம்.

அன்புடன்,
வெள்ளவத்தைத் தொட்டிக்காரன்