போச்சர் மீன் இரை எடுக்கவில்லை, மணலிலேயே கிடக்கிறது

கடல்தொட்டி:
300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) 10 டிகிரி செல்சியஸில், உப்பு 34 பிபிடி (ஆயிரத்தில் 34 பங்கு). போச்சர் மீனில் அகோனஸ் கேட்டஃப்ராக்டஸ் என்ற இனம் இரண்டு, 10 செ.மீ. அளவு. கூடவே ஸ்கல்பின் என்ற இன்னொரு தரைவாழ் மீன் ஒன்று. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) போட்டால் ஸ்கல்பின் மட்டுமே தின்கிறது. போச்சர்கள் அசைவதே இல்லை. நோயா?

தரைமீன்:
கிடப்பது நோயில்லை. இவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது, போதாததற்கு உடல் முழுக்க எலும்புத் தகடு. மார்புத் துடுப்பை அடித்துக் கொஞ்சம் நகரும், மறுபடி படுத்துவிடும். செவுள் மூடி வேகமாக அடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சிக்கல் ஸ்கல்பின்தான். அதற்கு அகன்ற வாய், இரை தரையைத் தொடுமுன்பே பாய்ந்து விழுங்கிவிடும். போச்சருக்கு வாய் அடிப்பக்கம். தாடையடியில் இருக்கும் இழைகளால் மணலைத் தடவித்தான் புழுவையும் சிறு இறாலினத்தையும் கண்டுபிடிக்கும். ஸ்கல்பினை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். விளக்கணைத்த பிறகு பம்பை நிறுத்தி, நீளக் குழாயால் இரையை மூக்குக்கு முன்னால் மணலில் வையுங்கள். முதலில் உயிருள்ள மைசிஸ். அது பழகியதும் உறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். கவசம் இருப்பதால் மெலிவது சட்டென்று தெரியாது, தாமதிக்காதீர்கள். மணல் துகள் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும், கூர்மையான சரளை ஆகாது.

உப்புநீர்:
மிச்ச இரையை அன்றிரவே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். 10 டிகிரியில், கழிவு அம்மோனியாவைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியா மந்தமாகத்தான் வளரும். ஃபில்டர் தயாராக வெப்பத் தொட்டிக்குச் சொல்லும் நாலைந்து வாரக் கணக்கு இங்கே செல்லாது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும் வரை புது மீன் சேர்க்காதீர்கள்.

கடல்தொட்டி:
சரி, பிரிக்கிறேன். முன்கண்ணாடி வேறு வியர்த்து ஒழுகுகிறது.

உப்புநீர்:
கண்ணாடியின் வெளிப்பரப்பு பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலைக்கு, கீழே போய்விட்டது. இரட்டைக் கண்ணாடியோ தடித்த அக்ரிலிக்கோ போட்டால் நிற்கும். அதுவரை அறையின் ஈரப்பதத்தைக் குறையுங்கள்.

தரைமீன்:
இனத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். கேட்டஃப்ராக்டஸ் என்றால் மூக்கில் கொக்கி முட்கள், அடியில் நிறைய இழைகள், முதுகில் இரண்டு துடுப்பு. முதுகுத் துடுப்பு ஒன்றே என்றால் அது அஸ்பிடோஃபோராய்டஸ் என்ற வேறு வகைப் போச்சர். பசிபிக்கின் ஸ்டர்ஜன் போச்சராக இருந்தால் 30 செ.மீ. வரை வளரும், தரைப்பரப்பு இன்னும் அதிகம் வேண்டும்.