சிங்கப்பூரில் நான்கு நாள், பிள்ளைகளோடு எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜூனில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு (7, 11 வயது) சிங்கப்பூர் போகிறோம். தீம் பார்க் ஒரு நாள் போதும், ஊரின் பழைய கதையும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அம்மாவுக்கு முட்டிவலி. எங்கே தொடங்கலாம்?

பதில்: சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் நிறுவியது, அங்குள்ள இந்துக் கோயில்களில் இதுதான் பழையது. சைனாடவுன் நடுவே நம் கோபுரம் எப்படி வந்தது என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மதில்மேல் படுத்திருக்கும் மாட்டுச் சிலைகளை எண்ணச் சொல்லுங்கள், என் மகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் வெறுங்காலோடு தரையில் நிற்க முடியாது.

பதில்: பெரிய பிள்ளைக்கு ஃபோர்ட் கேனிங் குன்றின் பேட்டில்பாக்ஸ். ஜப்பானியரிடம் சரணடைவது என்று 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதிகள் முடிவெடுத்த நிலத்தடி அறைகள் அவை, உள்ளே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. குன்று ஏறவேண்டும், அம்மா அதுவரை அடிவாரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் குளுகுளுவென்று இருக்கட்டும்.

பதில்: தாவரவியல் பூங்காவை விட்டுவிடாதீர்கள். 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். குடை கட்டாயம்.

கேட்டவர்: நன்றி! சரி, முதல் நாள் காலை கோயில்தான். அம்மாவிடம் சொன்னேன், இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்.