3 சென்ட் பச்சை வாஷிங்டன்: காகிதம் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

பழைய அமெரிக்கத் தபால்தலை சேர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 1870களின் 3 சென்ட் பச்சை வாஷிங்டன் ஒரு கட்டாகக் கிடைத்திருக்கிறது, ஒரே படத்தை நேஷனல், கான்டினென்டல், அமெரிக்கன் என்று மூன்று பேங்க் நோட் கம்பெனிகள் அடுத்தடுத்து அச்சடித்ததால் எது யாருடையது என்று பிரிப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது.

நேஷனல் சுலபம். 1873-ல் ஒப்பந்தத்தைப் பிடித்த கான்டினென்டல், தன் அச்சுக்கு ரகசிய அடையாளமாக இடது ரிப்பனின் மேல்வாலுக்கு அடியில் நிழலை அழுத்தமாகப் போட்டது. நல்ல லென்ஸ் இருந்தால் பளிச்சென்று தெரியும், அது இல்லாததெல்லாம் நேஷனல். வம்பு அப்புறம்தான். 1879-ல் கான்டினென்டலைத் தன்னோடு இணைத்துக்கொண்ட அமெரிக்கன், அதே தகடுகளையும் ஓட்டியதால் இரண்டிலும் அந்த நிழல் இருக்கிறது. மிச்சம் காகிதம்தான்: கான்டினென்டல் விறைப்பு, அமெரிக்கன் மென்மை, வெளிச்சத்தில் பிடித்தால் வலை மாதிரி தெரியுமாம். விரலால் சுண்டிச் சத்தம் கேட்கச் சொல்கிறார்கள், இத்தனை பழைய தாளைச் சுண்ட எனக்கு மனம் வரவில்லை.

முத்திரையில் 1878 வரையிலான வருடம் தெளிவாக விழுந்த தலை யாரிடமாவது இருந்தால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்களேன். கூடவே ஒரு மென்தாளும் இருந்தால் இன்னும் நல்லது.